நிழல் இல்லாத மரத்தடியில் காதல்: பனையை வைத்துப் படம் எடுக்க முடியுமா?

உப்பங்காற்று:

எல்லாருக்கும் வணக்கம். சாயல்குடியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கினால் வரும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. நானும் என் கல்லூரித் தோழியும் சேர்ந்து இருபத்தைந்து நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கப் போகிறோம். கதை நான், இயக்கம் அவள். ஒரே ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

கதை என்று நான் புதிதாக எதையும் யோசிக்கவில்லை, என் அப்பத்தாவுக்கு நடந்ததுதான். 1962 ஆவணியில் அவருக்குக் கல்யாணம். அய்யாவுக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, கொழும்பில் ஒரு கடையில் வேலை. தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலம் அது. ஐப்பசியில் கிளம்ப வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பனங்கொட்டையை எடுத்து, ஒன்றைக் கிணற்றடியிலும் இன்னொன்றைக் கடலைப் பார்த்த வேலியோரத்திலும் புதைத்தார்களாம். "ஒண்ணு நீ, ஒண்ணு நான். எது எதுன்னு அதுவே வளந்து சொல்லும்" என்று அய்யா சொல்லியிருக்கிறார்.

பனை ஆணா பெண்ணா என்பது முதல் பாளை தள்ளும் வரை யாருக்கும் தெரியாது. அதற்குப் பதினைந்து வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அய்யா கொழும்பிலிருந்து போடும் நீல நிற ஏர்மெயில் கடுதாசி எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: "பாளை தள்ளியிருச்சா?" அப்பத்தாவுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன்தான் பதில் எழுதிக் கொடுப்பான். பத்துப் பன்னிரண்டு வயதில் எழுத ஆரம்பித்தவன், பாளை வந்த வருடம் அவனுக்கே பிள்ளை பிறந்துவிட்டது.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. கொஞ்ச நாளைக்குக் கடுதாசியும் இல்லை. அந்த நாட்களில் அப்பத்தா காலையில் எழுந்ததும் முதலில் போய் நின்றது அந்த இரண்டு வடலிக்கு முன்னால்தான். இரண்டும் அப்போது முழங்கால் உயரம்கூட இல்லை. அப்புறம் ராமேஸ்வரத்தில் இருந்து கப்பல் விட்டார்கள். அய்யா இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வருவார், ஒரு மாதம் இருப்பார், போவார்.

1978-ல் கிணற்றடிப் பனை பாளை தள்ளியது. ஆண். இன்னொன்று அசையவில்லை. அதுவும் ஆணாகப் போய்விட்டால் கடுதாசியில் என்ன எழுதுவது என்று அப்பத்தா இரண்டு வருடம் பயந்துகொண்டே இருந்திருக்கிறார். 1980 பங்குனியில் வேலியோரப் பனையில் பாளை வெடித்தது. அப்பத்தா கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தபடியே நின்றிருக்கிறார். கண்ணுக்கு எட்டவில்லை. பனையேறும் ஒரு சித்தப்பாவைக் கூப்பிட்டு மேலே ஏற்றினார்கள். அவர் உச்சியில் இருந்து கத்தியது ஒரே சொல்: "குரும்பை!" குரும்பை என்றால் பிஞ்சுக்காய். அப்படியென்றால் அது பெண் பனை.

1983 இலங்கைக் கலவரத்துக்குப் பின்னால் அய்யா ஒரே ஒரு பையோடு ஊர் வந்து சேர்ந்தார். வீட்டுக்குள் நுழையாமல் நேரே வேலியோரம் போனாராம். அவர் காலமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. பனை இரண்டும் நிற்கின்றன. அப்பத்தாவும் இருக்கிறார்.

இதுதான் கதை. தோழிக்குக் கதை ரொம்பவும் பிடித்திருக்கிறது. மரம்தான் பிடிக்கவில்லை. "பனைக்கு நிழல் கிடையாது. ரெண்டு பேர் உட்கார முடியாது, ஊஞ்சல் கட்ட முடியாது. நம்ம படங்கள்ல பனங்காடு வந்தாலே அரிவாளோட யாரோ ஓடி வருவாங்க, இல்லன்னா பேய் வரும். பார்க்கிறவங்க மனசு காதலுக்குத் தயாராகாது. ஆலமரம் வைப்போம், காரைக்குடிப் பக்கம் போய் எடுப்போம்" என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆலமரத்தை வைத்தால் அய்யாவுடைய கேள்வியே செத்துப்போகும்.

அழகில்லாத, நிழலில்லாத ஒரு மரம் காதலைச் சுமந்த படங்கள் இருக்கின்றனவா? பனையைப் பார்ப்பவர் மனதுக்குள் எப்படிக் கொண்டுபோவது?

---

தொண்டி மாலை:

கதையின் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், தங்கச்சி. "குரும்பை" என்று உச்சியிலிருந்து கத்தும் அந்த இடம் ஒன்று போதும். ஆலமரத்துக்கு ஒத்துக்கொள்ளாதே.

படங்களில் மரம் நம் மனதில் நிற்பது அதன் அழகால் இல்லை. அந்த மரத்துக்காக ஒருவர் என்ன செய்கிறார் என்பதால்தான் நிற்கிறது. எனக்கு நன்றாகத் தெரிந்த மூன்று படங்களைச் சொல்கிறேன்.

2001-ல் வந்த கொரியப் படம் 'மை சாஸி கேர்ள்'. காதலர்கள் இருவரும் ஆளுக்கொரு கடிதம் எழுதி, மலைமேல் ஒரு மரத்தடியில் புதைத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்துச் சந்திப்பதாகப் பிரிகிறார்கள். சொன்ன நாளில் அவன் வருகிறான், அவள் வரவில்லை. அவள் ஒரு வருடம் தாமதமாக வருகிறாள். அங்கே ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிகிறது, அந்தப் பழைய மரம் மின்னல் தாக்கிப் பட்டுப்போய்விட்டது, அவள் வந்து பார்த்து மனம் உடைந்துவிடக் கூடாது என்று அந்தப் பையன் அதே மாதிரி இன்னொரு மரத்தைக் கொண்டுவந்து நட்டிருக்கிறான் என்று. மரம் வேறு, ஆனாலும் அந்த இடத்தில்தான் நமக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது. ஒரு ஆள் மலைமேல் மரத்தைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறான். அதை நாம் நேரில் பார்க்கவில்லை, இருந்தாலும் கண்ணுக்குத் தெரிகிறது.

அடுத்து, வொங் கார் வாய் 2000-ல் எடுத்த 'இன் த மூட் ஃபார் லவ்'. அதில் நாயகன் தன் நண்பனிடம் சொல்கிறான்: அந்தக் காலத்தில் யாருக்காவது வெளியே சொல்ல முடியாத ரகசியம் இருந்தால் மலையேறிப் போய், ஒரு மரத்தில் துளை போட்டு, அதற்குள் ரகசியத்தைச் சொல்லி, மண்ணை வைத்து அடைத்துவிடுவார்கள். படம் முடியும்போது அவன் கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலில் ஒரு கல் துளையில் வாய் வைத்துப் பேசுகிறான். அந்த மரத்தை நமக்குக் காட்டவே இல்லை, வெறும் பேச்சில் வந்துபோன மரம். அது மனதில் நிற்கும் என்றால் உன் ஊர்ப் பனை நிற்காதா?

மூன்றாவது காதல் படம் இல்லை. தர்க்கோவ்ஸ்கியின் கடைசிப் படம், 1986-ல் வந்த 'தி சாக்ரிஃபைஸ்'. சுவீடனின் கோட்லாண்ட் தீவுக் கடற்கரையில், பட்டுப்போன ஒரு மரத்தை அப்பாவும் சின்ன மகனும் நட்டுவைக்கிறார்கள். தினமும் தண்ணீர் ஊற்றினால் ஒருநாள் துளிர்க்கும் என்று ஒரு துறவியின் கதையை அப்பா சொல்கிறார். கடைசியில் அந்தப் பையன் தனியாக வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றிவிட்டு மரத்தடியில் படுத்துக்கொள்கிறான். இலையில்லை, நிழலில்லை, பின்னால் கடல். முதல் தடவை பார்த்தபோது எனக்கு நம் கரைதான் ஞாபகம் வந்தது.

உன் அப்பத்தா பதினெட்டு வருடம் அண்ணாந்து பார்த்திருக்கிறார். அதை மட்டும் காட்டு. கல்யாணப் புதுச்சேலையில் பார்ப்பவர், பழஞ்சேலையில் பார்ப்பவர், கண்ணாடி போட்டுப் பார்ப்பவர். மரத்தை ரொம்ப நேரம் காட்டாதே. பார்க்கிற முகத்தைக் காட்டு.

---

பனையடி:

மகளே, நான் பனையேறியின் மகன். எங்க அப்பா நரிப்பையூர்ப் பக்கம் நாற்பது வருடம் ஏறினார். சினிமா எனக்கு அவ்வளவாகத் தெரியாது. பனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், எடுக்கும்போது தப்பு வந்துவிடக் கூடாது.

உன் அய்யா கொட்டையைப் புதைத்தது சரியான பருவம். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். ஆனால் புதைத்த உடனே முளை மேலே வருகிற மாதிரி காட்டிவிடாதே. பனை முதலில் கீழேதான் போகும். கொட்டையில் இருந்து முளை மண்ணுக்குள் இறங்கும், அதுதான் கிழங்காகும். மேலே ஓலை வருவது அதற்கு அப்புறம்தான். மூன்று நான்கு மாதத்தில் தோண்டினால் பொங்கலுக்குக் கிழங்கு. தோண்டாமல் விட்டால் பனை. அப்படியென்றால் உன் அப்பத்தா அந்தத் தை மாதம் தோண்டாமல் விட்டிருக்கிறார். புதுப்பெண், புருஷன் ஊரில் இல்லை, வீட்டில் யாராவது "கிழங்கைத் தோண்டு" என்று சொல்லாமலா இருந்திருப்பார்கள்? அப்பத்தாவிடம் கேட்டுப் பார்.

மரத்தில் பேரை வெட்டுகிற மாதிரி காட்சி எதுவும் வைத்திருந்தால் எடுத்துவிடு. வேம்பில் வெட்டினால் பட்டை வளர்ந்து மூட முயலும். பனைக்கு அந்த வசதி கிடையாது. அது பருத்து வளரும் மரம் இல்லை, போட்ட வெட்டு போட்டபடியே நிற்கும்.

பதநீர் காட்டுவதாக இருந்தால் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடிக்குள் எடுத்துவிடு. கார்த்திகையில் கலயம் கட்டினால் எங்கள் ஊரில் யாரும் படத்தை நம்ப மாட்டார்கள். ஆண் பனையிலும் பதநீர் வரும், பெண் பனையிலும் வரும். பெண் பனையில் மட்டும்தான் வரும் என்று நினைத்து எழுதிவிடாதே. நொங்குதான் பெண் பனையில் மட்டும்.

பனையடியில் இரண்டு பேர் உட்கார முடியாது என்று உன் தோழி சொன்னதாக எழுதியிருக்கிறாய். வாஸ்தவம். ஆனால் கட்டிப்பிடிக்காமல் ஏற முடியாத மரம் அது. தளைநாரைக் காலில் மாட்டி, மரத்தை நெஞ்சோடு அணைத்துத்தான் ஒவ்வொரு எட்டும் வைக்க வேண்டும். ஒரு நாளைக்குக் காலை ஒரு ஏற்றம், சாயங்காலம் ஒரு ஏற்றம், முப்பது நாற்பது மரம். எங்க அப்பாவுக்கு நெஞ்சில் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் காய்த்துக் கறுத்திருக்கும். ராத்திரி திண்ணையில் படுத்திருக்கும்போது எங்க அம்மா விளக்கெண்ணெயைச் சூடாக்கி அந்த இடத்தில் தேய்ப்பார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அப்பா இறந்து குளிப்பாட்டும்போது அம்மா கை வைத்தது முதலில் அந்தக் காய்ப்பில்தான். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உனக்கு உதவும் என்றால் எடுத்துக்கொள்.

இன்னொன்று. கதையில் மரத்தை வெட்ட யாராவது வருவதாக இருந்தால் காலத்தைப் பார்த்துக்கொள். செங்கல் சூளைக்கு எங்கள் பக்கம் லாரி லாரியாகப் பனை போன காலம் உண்டு. 2021-ல் இருந்து பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்திருக்கிறது.

---

நெய்தல் வாத்தியார்:

ஒரு சின்ன விஷயம். பனை காதலுக்கு ஆகாது என்பது சினிமா வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம். கடற்கரைக் காதலுக்கு மரம் கொடுத்தவர்கள் சங்கப் புலவர்கள். நற்றிணை 172-ஆம் பாட்டில், ஒரு பெண் தோழிகளோடு விளையாடி மண்ணில் அழுத்தி மறந்துபோன புன்னைக் கொட்டை முளைத்துவிடுகிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறாள். "உங்களைவிட இது சிறந்தது, உங்கள் தங்கை" என்று அம்மா சொல்லிவிடுகிறாள். பிறகு அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேச அந்தப் பெண்ணுக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் அய்யா கொட்டையைப் புதைத்ததும் அந்த வழியில்தான்.

பனைக்கு இன்னும் நேரடியான சொந்தம் உண்டு. காதல் கைகூடாதவன் பனை மடலால் குதிரை செய்து, ஊர் பார்க்க அதில் ஏறி வருவதை மடலேறுதல் என்றார்கள். மட்டையின் இரண்டு ஓரத்திலும் கருக்கு இருக்கும், ரம்பம் மாதிரி. உட்காருகிறவனுக்கு ரத்தம் வரும். காதலுக்காகப் பட்ட வலியைச் சொல்ல நம் ஆட்கள் தேடிப் பிடித்த மரம் அது. உங்கள் தோழிக்கு இதைச் சொல்லுங்கள்.

---

வல்லத்துக்காரன்:

உங்க வேலியோரப் பனை கடலைப் பார்த்து இருக்குன்னு சொன்னீங்க, கிணத்தடிப் பனை அதுக்குப் பின்னால எவ்வளவு தூரம்?

ஏன் கேட்கிறேன் என்றால், நாங்கள் கடலில் இடம் பிடிப்பது கரையில் உள்ள மரத்தை வைத்துத்தான். இப்போது ஜிபிஎஸ் வந்துவிட்டது, ஆனாலும் என் அப்பா காலத்துப் பழக்கம் விடவில்லை. கரையில் முன்னால் ஒரு பனை, பின்னால் ஒரு பனை இருந்தால், வல்லம் போகப் போக இரண்டும் நகர்ந்து நகர்ந்து ஓரிடத்தில் ஒன்றுக்குப் பின் ஒன்று மறைந்து ஒரே பனையாகத் தெரியும். அது ஒரு கோடு. கரையில் வேறொரு பக்கம் கோபுரமோ, மண்மேடோ வைத்து இன்னொரு கோடு பிடித்தால் கடலடிப் பாறைத் திட்டான பாரின் மேல் சரியாக வந்துவிடுவோம். ராத்திரி போட்ட வலையை அப்படித்தான் திரும்ப எடுப்போம்.

உங்கள் அய்யா பனையும் அப்பத்தா பனையும் கடலில் ஏதோ ஒரு இடத்திலிருந்து பார்த்தால் கட்டாயம் ஒன்றாகத் தெரியும். கச்சான் காற்று ஓய்ந்த நாளில் போய்ப் பாருங்கள்.

---

உப்பங்காற்று:

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், காரணம் இருக்கிறது.

பனையடி அப்பா, உங்கள் கேள்வியை அப்படியே அப்பத்தாவிடம் கேட்டேன். முதலில் பதில் சொல்லவில்லை, முறத்தில் இருந்த உளுந்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார். அந்தத் தை மாதம் அவருடைய மாமியார், பொங்கலுக்கு எல்லாக் கிழங்கையும் தோண்டச் சொல்லிவிட்டாராம். இவர் விடிவதற்கு முன்னால் எழுந்து, அந்த இரண்டு இடத்தின் மேலும் காவோலையைப் போட்டு, அதன்மேல் எருவைக் கொட்டி மூடிவிட்டார். "குப்பைமேடுன்னு நெனச்சு யாரும் தொடல" என்றார். அறுபது வருடமாக அவர் வாயில் இருந்து வராத விஷயம். நீங்கள் கேட்டிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. படம் இப்போது அந்த இருட்டில், எருக்கூடையோடு ஒரு புதுப்பெண் நடந்து போவதில்தான் தொடங்குகிறது. உங்கள் அம்மா விளக்கெண்ணெய் தேய்த்ததை நான் எடுக்கவில்லை. அது உங்களுடையது. "குரும்பை" என்று கத்திய சித்தப்பாவின் நெஞ்சில் மட்டும் அந்தக் காய்ப்பு தெரியும்.

தொண்டி மாலை அண்ணன் சொன்னபடி, மரம் முழுசாகத் தெரியும் காட்சிகளை எண்ணி நான்காகக் குறைத்துவிட்டேன். முன்பு பதினேழு இருந்தது. நற்றிணைப் பாட்டைத் தோழிக்கு அனுப்பினேன், "சரி, யோசிக்கிறேன்" என்றாள்.

வல்லத்துக்காரன் அண்ணே, இரண்டு பனைக்கும் இடையில் நாற்பது எட்டு இருக்கிறது, அளந்து பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை காற்று இல்லை. எங்கள் ஊர் மாமா ஒருவருடைய வல்லத்தில் போனேன். அப்பத்தாவும் வருகிறேன் என்றார், முட்டி இடம் கொடுக்கவில்லை. வேலியோரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டுப் போனோம். கொஞ்ச தூரம் வரை இரண்டு பனையும் தனித்தனியாகத்தான் தெரிந்தன. இடது பக்கம் அய்யாவுடையது, வலது பக்கம் அப்பத்தாவுடையது. மாமா வல்லத்தைக் கிழக்கே விட்டார். பின்னால் இருந்தது மெதுவாக முன்னால் இருந்ததை நோக்கி நகர ஆரம்பித்தது. நெருங்கியது, ஓலையும் ஓலையும் கலந்தன, அப்புறம் ஒரே பனை. மாமா துடுப்பைத் தண்ணீரில் ஊன்றிக் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்தினார். நீரோட்டம் இழுத்ததும் மறுபடி பிரிந்துவிட்டன.

அந்தக் கொஞ்ச நேரத்தில் போனில் ஒரே ஒரு படம் எடுத்தேன். படத்தில் கரை, வேலி, சின்னப் புள்ளியாக நாற்காலியில் அப்பத்தா, அவருக்கு மேலே ஒரு பனை. இன்னொன்று அதற்குப் பின்னால் இருக்கிறது. வேறு எதுவும் எழுதாமல் அதைத் தோழிக்கு அனுப்பினேன். ராத்திரி அவள் கூப்பிட்டாள். காரைக்குடியை விட்டுவிடுவோம், பங்குனியில் பாளை வெடிக்கும்போது வருகிறேன், வல்லத்துக்கு இப்போதே சொல்லிவை என்றாள். சொல்லிவைத்திருக்கிறேன்.